சம்பளம் கேக்காத காவக்காரன்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்ல விரும்பல, சோம்பேறித்தனம்தான். ஆனா போன மாசம் ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரு கடுப்பு உள்ள உக்காந்திருக்கு. அதை இறக்கி வைக்க இந்த இடத்தை விட்டா எனக்கு வேற நாதி இல்ல. அவசரத்துல இருக்கறவங்களுக்கு ஒரே வரியில சொல்லிடறேன்: உங்க வீட்டு விண்டோஸ் பொட்டியில இருக்கற இலவச ஆன்டிவைரஸைத் தூக்கிக் கடாசுங்க. ஏன்னு கேக்கறவங்க மட்டும் மேல படிங்க. :-)

எங்க பெரியப்பா பாளையங்கோட்டைல இருக்கார். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். நாலு வருஷமா ஒரு லேப்டாப்புல தன் சின்ன வயசுக் கதையை எழுதிட்டு இருந்தார். குளத்துல மீன் பிடிச்சது, பஞ்ச காலத்துல கேப்பங்கஞ்சி குடிச்சது, எங்க தாத்தா மாட்டு வண்டியில இருந்து விழுந்தது... பேரப்புள்ளைங்க படிக்கணும்னு. மாசம் ஒருதடவை எனக்கு மெயில்ல ஒரு அத்தியாயம் வரும். நானும் பிழை திருத்தறேன் பேர்வழின்னு வாத்தியாருக்கே ஒற்று சொல்லிக் குடுத்து வாங்கிக் கட்டிக்குவேன்.

திடீர்னு ஆறு மாசமா ஒண்ணும் வரல. உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். நேர்ல போய்க் கேட்டப்ப சிரிச்சுட்டே சொன்னார், "எனக்கு வயசாயிட்டுடே. முன்ன மாதிரி கம்ப்யூட்டர் கைக்கு வர மாட்டேங்கு. எதைத் தட்டினாலும் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போல, அப்படியே நின்னுருது. புதுசு ஒண்ணு வாங்கிருவமா, இல்ல விட்டுருவமான்னு யோசிக்கேன்."

பொட்டியைத் திறந்து பட்டனை அமுக்கிட்டு, போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டேன். வேர்டுல ஒரு எழுத்து அடிக்கற நிலைமைக்கு வர 11 நிமிஷம். பெரியம்மா அதுக்குள்ள காப்பியே போட்டுட்டு வந்துட்டாங்க. உலாவியைத் திறந்தா ஜிமெயில் வர இன்னும் 2 நிமிஷம். நடுவுல வலது பக்க மூலையில இருந்து ஒரு சிவப்புப் பெட்டி ஏறி வருது, "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது"ன்னு இங்கிலீஷ்ல. அதை மூடினா இன்னொண்ணு: "கணினி மெதுவாக இருக்கிறதா? 62 குப்பைகள் கண்டுபிடிக்கப்பட்டன." அடப்பாவிகளா, மெதுவாக்கினதே நீங்கதானடா!

உள்ள போய்ப் பார்த்தா ஒண்ணு இல்ல, ரெண்டு இலவச ஆன்டிவைரஸ். ஒண்ணு கீபோர்டு சரி பண்ணக் குடுத்தப்ப கடைக்காரத் தம்பி பாசத்தோட போட்டு அனுப்பினது. இன்னொண்ணு ஏதோ பிடிஎஃப் மென்பொருள் இறக்கினப்ப டிக் எடுக்க மறந்ததால கூடவே ஒட்டிக்கிட்டு வந்தது. ரெண்டுக்கும் பின்னாடி அதுஅதோட சொந்தக்காரங்க: ஒரு கிளீனர், ஒரு 'பாதுகாப்பான' உலாவி, ஒரு விபிஎன், ஒரு டிரைவர் அப்டேட்டர். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளைய மட்டும் கூப்பிட்டா குடும்பத்தோட வந்து தங்கின கதைதான். இதுல அந்த சிவப்புப் பெட்டிக்குப் பயந்து பெரியப்பா ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கிட்ட ஒருதடவை கட்டியும் இருக்கார். அப்பவும் பெட்டி நிக்கல.

கடைக்காரத் தம்பிகிட்ட போன் போட்டுக் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

"சார், ஃப்ரீதானே சார்? இருந்துட்டுப் போகட்டுமே."

இந்த ஒரு வாக்கியத்தோடதான் எனக்குச் சண்டை. அந்தத் தம்பியோட இல்ல. அவர் நல்ல மனுஷன். நம்மள்ல பாதிப்பேர் அம்மா அப்பா பொட்டிக்கு இதைத்தான் சொல்லிட்டு இருக்கோம்.

முதல்ல நியாயத்தைப் பேசிடறேன். ஒரு காலத்துல இலவச ஆன்டிவைரஸ் இல்லாம நாம பொழச்சிருக்க மாட்டோம். எக்ஸ்பி காலம் ஞாபகம் இருக்கா? பிரவுசிங் சென்டர்ல போய்ப் பென்டிரைவைச் சொருகினா, வீட்டுக்கு வரும்போது ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் அதே பேர்ல ஒரு இஎக்ஸ்இ உக்காந்திருக்கும். ஆட்டோரன்னு ஒரு சனியன், சொருகின உடனே தானா ஓடும். யூஎஸ்பிக்கு அந்த வசதியைப் பழைய விண்டோஸ்கள்ல மைக்ரோசாஃப்ட் அடைச்சதே 2011 பிப்ரவரியிலதான். அதுவரைக்கும் ஏவிஜி, அவாஸ்ட், அவிரா மூணுல ஒண்ணை நம்பித்தான் நம்ம குடித்தனம். காசு குடுத்து வாங்க வழியில்லாத ஊருக்கு அது பெரிய உபகாரம். அந்த நன்றி எனக்கு இன்னிக்கும் இருக்கு.

ஆனா நன்றிக்கடனுக்காக ஆயுசு பூரா வாடகை குடுக்க முடியாதே.

2009 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்னு ஒண்ணை இலவசமா விட்டாங்க. 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப டிஃபெண்டர்ங்கற பேர்ல ஆன்டிவைரஸை விண்டோஸுக்குள்ளயே வச்சுட்டாங்க. 2015ல வந்த விண்டோஸ் 10லயும், இப்ப இருக்கற 11லயும் அது பொட்டியோடயே வருது. ஆரம்பத்துல அது நோஞ்சான்தான், ஒத்துக்கறேன். ஆனா கடந்த பல வருஷமா ஏவி-டெஸ்ட் மாதிரி ஆய்வகங்கள் நடத்தற சோதனைகள்ல அது அடிக்கடி முழு மார்க் வாங்குது. அதாவது வீட்டுல ஏற்கெனவே ஒரு காவக்காரன் இருக்கான். நீங்க வெளியில இருந்து இன்னொருத்தனைக் கூட்டிட்டு வந்தா, விண்டோஸ் தன் ஆளைத் தானாவே உக்கார வச்சுடும். ஆக உங்களுக்குக் கிடைக்கறது ரெட்டைக் காவல் இல்ல. ஒருத்தனை அனுப்பிட்டு இன்னொருத்தன். அந்த இன்னொருத்தன் யாருங்கறதுதான் கேள்வி.

சரி, இவன் வந்தா பொட்டி ஏன் இழுக்குது?

ஆன்டிவைரஸ் சும்மா ஓரமா உக்கார்ற மென்பொருள் இல்ல. விண்டோஸோட அடிமடியில ஒரு வடிகட்டி மாதிரி உக்காரும். நீங்க எந்த ஃபைலைத் திறந்தாலும், எழுதினாலும், "இரு, நான் பார்த்துட்டு விடறேன்"னு நிறுத்தும். எல்லா ஆன்டிவைரஸும் பண்றதுதான் இது, டிஃபெண்டர் உட்பட. ஒரு ஃபைலுக்கு ஆகற நேரம் கண்ணுக்கே தெரியாது. ஆனா உலாவிங்கறது குட்டிக்குட்டி ஃபைல்களா ஆயிரக்கணக்குல கேஷ்ல எழுதித் தள்ளற ஜந்து. பெரியப்பா மாதிரி ஆளுங்ககிட்ட இருக்கறது எஸ்எஸ்டி இல்ல, சுத்தற ஹார்ட் டிஸ்க். ராம் 4 ஜிபி. விண்டோஸ் கிட்டத்தட்ட பாதியை முழுங்கிடும். மீதியில உலாவி, ரெண்டு ஆன்டிவைரஸ், அதுங்களோட சொந்தபந்தம். ராம் பத்தலைன்னா விண்டோஸ் டிஸ்க்ல எடுத்து வைக்கும். அந்த டிஸ்க்கை ஏற்கெனவே ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் சோதனை போட்டுட்டு இருக்கான். அப்புறம் ஏன் நிக்காது?

அடுத்தது இணையம். இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத சங்கதி. இப்ப எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது உங்க உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவுல ஒட்டின உறை. நடுவுல யாரும் பிரிக்க முடியாது. ஆனா பல ஆன்டிவைரஸ்கள் அதைப் பிரிச்சுப் பார்த்தாகணும்னு, தன்னோட சொந்த ரூட் சான்றிதழை உங்க பொட்டியில நிறுவிக்கும். வங்கியில இருந்து வர்ற உறையை அது பிரிக்கும், படிக்கும், தன் முத்திரையைக் குத்தி மறுபடி ஒட்டி உலாவிக்குக் குடுக்கும். உலாவியும் நம்பி வாங்கிக்கும். சந்தேகம்னா உலாவியில அந்தத் தளத்தோட சான்றிதழைத் திறந்து, அதைக் குடுத்தது யார்னு பாருங்க. அங்க உங்க ஆன்டிவைரஸ் பேர் இருந்தா, நடுவுல ஒரு ஆள் உக்காந்திருக்கார்னு அர்த்தம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டுதடவை பூட்டு, ரெண்டுதடவை திறப்பு. வேகத்தை விடுங்க, இப்படி நடுவுல புகுந்து பிரிக்கற ஆன்டிவைரஸ்கள்ல பலதும் இணைப்போட பாதுகாப்பையே குறைக்குதுன்னு கூகுள், மோசில்லா ஆட்களும் சில பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2017ல ஒரு ஆய்வுக் கட்டுரையே போட்டாங்க. பூட்டை பலப்படுத்த வந்தவன் சாவியைத் தேய்ச்சு வச்ச மாதிரி.

பழைய பதிவர்களுக்கு ஒரு கதை சொல்றேன், ரசிப்பீங்க. 2008ல ஏவிஜி 8 வந்தப்ப லிங்க்ஸ்கேனர்னு ஒண்ணு கூட வந்துச்சு. கூகுள்ல எதையாவது தேடினா, முடிவுல வர்ற ஒவ்வொரு தொடுப்பையும் நீங்க தட்டறதுக்கு முன்னாடியே அது போய்த் திறந்து பார்த்துட்டு வந்து பச்சை டிக் போடும். உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம், உங்க இணைப்புல ஓடறது பத்துப் பக்கம். மாசத்துக்கு இத்தனை எம்பிதான்னு அளந்து குடுத்த காலம் அது. நாம ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து டவுன்லோடு போட்டுட்டு இருந்தோம், இது பகல்ல உக்காந்து யாரும் படிக்காத பக்கத்தை எல்லாம் இறக்கிட்டு இருந்துச்சு. இன்னொரு பக்கம், தளம் வச்சிருந்தவங்களுக்கு ஹிட் கவுண்டர் கன்னாபின்னான்னு ஏறுச்சு. வந்தது மனுஷனா ஆன்டிவைரஸான்னே தெரியாது, ஏன்னா அது சாதாரண இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரி வேஷம் போட்டுத்தான் வந்துச்சு. தளக்காரங்க போட்ட கூச்சல்ல அந்த ஜூலையிலயே மாத்திட்டாங்க. அந்த வருஷம் என் பதிவுகளுக்கு வந்த கூட்டத்தை நினைச்சு ஒரு காலத்துல சந்தோஷப்பட்டேன்... ஹூம், அதுல எத்தனை ஏவிஜியோ.

வேகம் போறதோட முடிஞ்சிருந்தா நான் இவ்வளவு கத்த மாட்டேன். புது டிஸ்க் போட்டா சரியாயிடும். என் கோபம் அடுத்ததுக்கு.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. கோடிக்கணக்கான பேருக்கு இலவசமா மென்பொருள் குடுத்து, தினம் அப்டேட்டும் குடுக்கற கம்பெனிக்குச் சம்பளம் எங்க இருந்து வருது? கொஞ்சம் பேர் காசு குடுத்துப் பெரிய பதிப்புக்கு மாறுவாங்க, சரி. அதுக்குத்தான் அந்த சிவப்புப் பெட்டி. மாறாத மீதிப்பேர்?

அவாஸ்ட் கதையைப் பாருங்க. அவாஸ்ட், ஏவிஜி உலாவி நீட்சிகள் நீங்க போற பக்கங்களோட முகவரியை எல்லாம் தேவைக்கு மேல அனுப்புதுன்னு ஆட்பிளாக் பிளஸ்ஸை உருவாக்கின விளாதிமிர் பலான்ட் 2019ல எடுத்துப் போட்டார். டிசம்பர்ல மோசில்லா அந்த நீட்சிகளைத் தன் கடையில இருந்து இறக்குச்சு. 2020 ஜனவரியில பிசிமேக், மதர்போர்டு ரெண்டு பத்திரிகையும் சேர்ந்து மீதியைப் போட்டு உடைச்சாங்க: ஜம்ப்ஷாட்னு ஒரு துணை நிறுவனம் மூலமா, பயனாளிகள் எங்கெங்க போனாங்கங்கற விவரத்தை மத்த கம்பெனிகளுக்கு அவாஸ்ட் வித்துட்டு இருந்துச்சு. செய்தி வந்த சில நாள்ல ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடறதா அறிவிச்சாங்க. 2024 பிப்ரவரியில அமெரிக்காவோட எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லி, இனிமே உலாவல் விவரத்தை விளம்பரத்துக்கு விக்கக் கூடாதுன்னும் தடை போட்டுச்சு. 2014ல இருந்து சேர்த்தது, நூத்துக்கும் மேல கம்பெனிகளுக்கு வித்ததுன்னு அவங்க புகார்லயே இருக்கு. அந்த முகவரிகள்ல இருந்து ஒருத்தரோட மதம், அரசியல், உடம்புக்கு என்ன, காசு நிலைமை என்ன எல்லாம் தெரியும்னும் இருக்கு. இத்தனைக்கும் அந்த மென்பொருளை வித்ததே, இணையத்துல உங்களைப் பின்தொடர்றவங்களைத் தடுக்கும்னு சொல்லித்தான். குற்றச்சாட்டை ஒத்துக்கலை, ஆனா விவகாரத்தை முடிச்சுக்கறோம்னு கம்பெனி சொல்லிடுச்சு. செக் நாட்டு தரவுப் பாதுகாப்பு அலுவலகமும் அதே வருஷம் தன் பங்குக்கு அபராதம் போட்டுச்சு.

வேலியே பயிரை மேயறதுன்னு நம்ம ஆளுங்க எப்பவோ சொல்லி வச்சுட்டாங்க.

பெரியப்பா பொட்டியில இருந்த ரெண்டும் எதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அதுங்க எதையாவது வித்துச்சுன்னும் எங்கிட்ட ஆதாரம் இல்ல, சொல்லவும் மாட்டேன். ஆனா அவரோட உலாவல் வரலாற்றைத் தற்செயலாப் பார்த்தேன். ராத்திரி 2 மணி, 3 மணி. பெரியம்மாவுக்கு வந்திருக்கற வியாதி பேரைத் தமிழ்ல அடிச்சும் இங்கிலீஷ்ல அடிச்சும் தேடியிருக்கார். எங்க யார்கிட்டயும் மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல. அதை நடுவுல உக்காந்து ஒருத்தன் பிரிச்சுப் படிக்க முடியும்ங்கற நினைப்பே எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துச்சு. "ஃப்ரீதானே, இருந்துட்டுப் போகட்டும்"னு சொல்றோமே, எதைச் சும்மா குடுக்கறோம்னு தெரிஞ்சுதான் சொல்றோமா?

"அவாஸ்ட் ஆகாட்டி வேற போட்டுக்கலாமே"ன்னு ஒருத்தர் கேப்பார். போடலாம். 2016ல ஏவிஜியை அவாஸ்ட் 130 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2017ல சிகிளீனர் வெச்சிருந்த கம்பெனியை வாங்குச்சு. (அதே வருஷம் அந்த சிகிளீனர் பதிப்பு ஒண்ணுலயே வைரஸைப் புகுத்தி 20 லட்சத்துக்கும் மேல பொட்டிகளுக்குப் போச்சு, அது தனிக் கதை.) அப்புறம் நார்ட்டன் கம்பெனி அவிராவை வாங்குச்சு, 2022ல அவாஸ்டையும் சேர்த்துக்கிட்டு ஜென் டிஜிட்டல்னு பேரை மாத்திக்கிச்சு. தெருவுல நாலு கடை, நாலு போர்டு, கல்லாவுல ஒரே முதலாளி.

இப்ப எதிர்ப்பாட்டு. எனக்கே தோணினதை எல்லாம் நானே கேட்டுடறேன்.

"டிஃபெண்டர் மட்டும் யோக்கியமா? அதுவும் இழுக்குதே?" இழுக்கும். ஏவி-கம்பாரட்டிவ்ஸ் வேகச் சோதனைகள்ல சில இலவச ஆன்டிவைரஸ்கள் டிஃபெண்டரை விட நல்ல மார்க் வாங்கியிருக்கு, அதை மறைக்கறது நேர்மை இல்ல. ஃபயர்ஃபாக்ஸ் ஓடறப்ப டிஃபெண்டர் தேவையில்லாம சிபியுவைத் தின்னுதுன்னு 2018ல பதிவான ஒரு குறையை 2023லதான் சரி பண்ணாங்க. அஞ்சு வருஷம்! ஆனா ஆய்வகத்துல அளக்கறது ஃபைல் காப்பி ஆகற நேரம், மென்பொருள் திறக்கற நேரம் மாதிரி சமாச்சாரம். பாப்-அப்புக்குப் பயந்து ஒரு வயசான மனுஷன் அரைமணி நேரம் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கறதை எந்த ஆய்வகமும் அளக்கறதில்ல. கூட வந்த கிளீனரும் விபிஎன்னும் அப்டேட்டரும் தின்ற ராமும் அந்தக் கணக்குல வராது. டிஃபெண்டர் என்னைப் பயமுறுத்தி ரெண்டாயிரம் ரூபாய் கேட்டதில்ல. அந்த ஒரு வித்தியாசமே எனக்குப் போதும்.

"மைக்ரோசாஃப்டும் தகவல் எடுக்கறானே?" எடுக்கறான். அதுவும் எனக்குப் பிடிக்கல. ஆனா அவன் விண்டோஸாவே உள்ள இருக்கான், ஆன்டிவைரஸை மாத்தினா அவன் போயிட மாட்டான். ஒருத்தன் பார்க்கறது கஷ்டமா இருக்குன்னு ரெண்டாவது ஆளையும் கூப்பிட்டு உக்கார வைக்கறது என்ன தீர்வு? அது முடியாதவங்க லினக்ஸுக்குப் போங்க, நானே வந்து போட்டுத் தர்றேன்.

"ரெண்டு இருந்தா ரெட்டைப் பாதுகாப்புதானே?" ஒரு ஃபைலை இவன் பிடிச்சு வச்சிருக்கறப்பவே அவனும் பிடிக்கப் பார்ப்பான். இவன் சிறை வச்சதை அவன் வைரஸ்ம்பான். எனக்கே ஒருதடவை, தமிழ் தட்டச்சு மென்பொருளைக் கீபோர்டை ஒட்டுக் கேக்கற களவாணின்னு சொல்லி ஒரு ஆன்டிவைரஸ் தூக்கி உள்ள வச்சிடுச்சு. தமிழ்ல எழுதறதே அதுக்குச் சந்தேகமாப் போச்சு!

"ஆன்டிவைரஸ் இருந்தா பழைய விண்டோஸையே ஓட்டலாமே?" இதுதான் ரொம்ப ஆபத்து. 2017 மே மாசம் வானாக்ரை உலகத்தையே உலுக்கினப்ப, அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே விட்டுருந்துச்சு. அப்டேட் போட்டவன் தப்பிச்சான். கதவே இல்லாத வீட்டுக்குக் காவக்காரன் என்ன பண்ணுவான்? விண்டோஸ் 10க்குச் சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. வீட்டுப் பொட்டிகளுக்கு 2026 அக்டோபர் வரைக்கும் ஒரு நீட்டிப்புத் திட்டம் குடுத்தாங்க. அதுல சேரணும், இல்ல 11க்குப் போகணும், இல்ல லினக்ஸ். "ஒரு ஆன்டிவைரஸ் போட்டுட்டா போதும் சார்"ங்கறது பதில் இல்ல.

சரி, பெரியப்பா பொட்டிக்கு என்ன பண்ணேன்?

முதல்ல கோப்பை எல்லாம் ஒரு வெளி டிஸ்க்ல காப்பி எடுத்தேன். ரெண்டு ஆன்டிவைரஸையும் அதுஅதோட கம்பெனி குடுக்கற நீக்கற கருவியை வச்சே எடுத்தேன், ஏன்னா சாதாரணமா நீக்கினா வேர் உள்ளயே நிக்கும். கூட வந்த பட்டாளத்தையும் ஒவ்வொண்ணா அனுப்பினேன். மறுபடி ஆன் பண்ணிட்டு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிஃபெண்டர் தானா முழிச்சிருக்கான்னு பார்த்தேன். முழிச்சிருந்துச்சு. விட்டுப்போன விண்டோஸ் அப்டேட் எல்லாம் போட்டேன், நீட்டிப்புலயும் சேர்த்து விட்டேன். ஃபயர்ஃபாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின் மட்டும் போட்டேன், ஏன்னா அவர் தட்டின முக்கால்வாசி ஆபத்தும் விளம்பரமா வந்ததுதான். 2022 டிசம்பர்ல அமெரிக்க எஃப்பிஐயே தேடறப்ப விளம்பரத் தடுப்பான் வச்சுக்கங்கன்னு பொதுமக்களுக்குச் சொல்லுச்சு. போலித் தளங்களை எச்சரிக்கற வேலையைக் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூணும் தானாவே பண்ணுது, அதுக்குத் தனி நீட்சி எதுக்கு? கடைசியா, அவர் தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத ஒரு சாதாரணக் கணக்கு.

மறுபடி ஸ்டாப்வாட்ச். 11 நிமிஷம் 4 நிமிஷம் ஆச்சு. பத்து பைசா செலவில்லாம. மறுநாள் திருநெல்வேலி போய் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிட்டு வந்து மாத்தினேன். 45 செகண்ட். எஸ்எஸ்டி பண்ணின புண்ணியத்தை ஆன்டிவைரஸ் கணக்குல எழுத மாட்டேன், அதனாலதான் தனித்தனியா அளந்தேன். ஆனா அந்த 7 நிமிஷம் யார் தின்னதுன்னு உங்களுக்கே தெரியும்.

பெரியப்பா உக்காந்து நாலு வரி அடிச்சுப் பார்த்தார். எழுத்து விரலோடயே வந்துச்சு. என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப தப்பு எம்மேல இல்லயாடே?"ன்னார்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆறு மாசமா அந்த மனுஷன் தன் விரலையும் வயசையும் மூளையையும் சந்தேகப்பட்டுட்டு இருந்திருக்கார். எவனோ இலவசமாக் குடுத்த ஒரு சாமானுக்காக. நஷ்டக் கணக்குல இதை எந்தத் தலைப்புல எழுதறது?

அதனால மக்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போறப்ப, அப்பா, அம்மா, மாமா, அத்தை பொட்டியை ஒரு அரைமணி நேரம் திறந்து பாருங்க. "பழசாயிடுச்சு"ன்னோ "உங்களுக்குத் தெரியல"ன்னோ சொல்றதுக்கு முன்னாடி, மூலையில என்னென்ன உக்காந்திருக்குன்னு பாருங்க. சம்பளம் கேக்காத காவக்காரன் இருந்தா, ராத்திரியில அவன் எங்க சாப்பிடறான்னு ஒரு கேள்வி கேளுங்க.

நேத்து மெயில்ல ஒரு அத்தியாயம் வந்திருக்கு. தாமிரபரணியில வெள்ளம் வந்த கதை. ஒற்றுப்பிழை ஒண்ணுகூட இல்ல, வாத்தியார் ஃபார்முக்கு வந்துட்டார்.

டிஸ்கி: கடைக்காரத் தம்பிகிட்டயும் பேசிட்டேன். "இனிமே கேட்டுட்டுப் போடறேன் சார்"ன்னார். கேட்டாலும் போடாதீங்க தம்பி. :-)